கயலுக்குக் கண் வைத்த கதை

பெண்ணின் கண்ணுக்குக் கயலை உவமை கூறாத தமிழ்ப் புலவர் மிகச் சிலரே. மதுரையில் கோயில் கொண்டிருக்கும் அம்மையின் பெயரே மீன் போன்ற கண்ணுடையாள் என்னும் பொருளைத் தருவது. கண்ணுக்கு மீனைத் தேடிய மரபு தமிழருடையது. மீனுக்குக் கண்ணைத் தேடிய மரபு ஒன்றும் உலகில் உண்டு. வளைந்த எஃகு முள்ளில் மயிரையும் இறகையும் நூலால் கட்டி, இரண்டு கண்களையும் பொருத்தி, இது சிறுமீன் என்று பெருமீன் நம்பும்படி செய்யும் கைத்தொழில் அது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வளர்த்த தொழில் என்றே நூல்கள் அதனைக் குறிக்கின்றன. ஆயினும், அப்பொய்ம்மீனின் கண்ணை மட்டும் பின்தொடர்ந்து சென்றால், வழி முதலில் தமிழகத்து மலைக்காடுகளுக்குச் செல்கிறது. பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகளில் வந்து நிற்கிறது.

தூண்டிலில் இரை கோத்து மீன் பிடிப்பது தமிழர்க்குப் பழைய செய்தி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், இளந்திரையன் நாட்டு நீர்நிலையின் கரையில் பாணர் குடியினர் மீன் பிடிக்கும் காட்சி வருகிறது. நீண்ட மூங்கிற்கழி, அதில் கட்டிய கயிறு, வளைந்த வாயையுடைய இரும்பு முள், முள்ளை மறைத்துப் பொதிந்த இரை எல்லாம் அங்கு உண்டு. வாளைமீன் ஒன்று இரையைக் கவ்வி முள்ளுக்குத் தப்பிவிடுகிறது. தப்பிய மீன், அதன்பின் நீரோரத்துப் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டாலும் தூண்டிற்கழியோ என்று வெருவுகிறது. வகுப்பறையில் இப்பகுதியைப் பயிற்றுவோர் புலவரின் கூர்த்த நோக்கைப் பாராட்டி மேலே செல்வது வழக்கம். மீன் பிடிப்பவன் ஒருவன் இதனைப் படித்தால் வேறொன்றையும் காண்பான். அந்த வாளை கண்ணால் இரை தேடியது. கண்ணால் அஞ்சவும் செய்தது. நீர் தெளிந்திருந்ததால்தான் நிழல் அதற்குத் தெரிந்தது. இக்கட்டுரையில் வரும் பொய்ம்மீனின் வாழ்வும் தாழ்வும் அந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கின்றன.

உண்மையான இரைக்கு மாற்றாகப் பொய்யிரை கட்டும் வழக்கத்தை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர், ஏறத்தாழக் கி.பி. 200-இல் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர். மாசிடோனியா நாட்டு ஆற்றங்கரை மக்கள், தூண்டில் முள்ளைச் சுற்றிச் சிவந்த கம்பளி நூலைச் சுற்றி, அதன்மேல் சேவலின் இறகு இரண்டைக் கட்டி, நீர்மேல் பறக்கும் பூச்சிபோல் காட்டி மீன் பிடித்தனர் என்பது அவர் தரும் குறிப்பு. பூச்சியைக் கைவிரல் தொட்டாலே அதன் நிறமும் சிறகும் கெட்டுவிடுவதால் அதனை இரையாகக் கோக்க இயலவில்லை. ஆகவே பொய்ப்பூச்சி செய்தனர் என்று காரணமும் கூறுகிறார். ஆங்கிலத்தில் இத்தகைய பொய்யிரைக்கு ‘பிளை’ என்றே பெயர். ஈ என்பது அதன் நேர்ப்பொருள். இங்கிலாந்தில் 1496-இல் அச்சான தூண்டில் நூல் ஒன்று, திங்கள்தோறும் எந்த நிறத்து ஈயைக் கட்டவேண்டும் என்று பன்னிரண்டு வகைகளை வகுத்துரைக்கிறது. அந்நூல் ஒரு கன்னிமாடத் தலைவி எழுதியது என்பர். அதனை ஐயுறுவோரும் உளர்.

இவ்வகைத் தூண்டிலில் இரைக்கு எடை இல்லை. கயிறே பருத்துக் கனமாக இருக்கும். வண்டியோட்டி சாட்டையைச் சொடுக்குவதுபோல் கயிற்றை முன்னும் பின்னும் வீசினால், அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு இறகுப்பூச்சி பறந்து சென்று விழும். இதனால் எடை என்பது இத்தொழிலில் நெடுங்காலம் பழிக்கப்பட்ட சொல்லாயிற்று. இங்கிலாந்தில் ஆல்போர்டு என்பார் 1886-இல் எழுதிய நூலும், அவர் வழிவந்தோரும், நீர்மேல் மிதக்கும் ஈயே உயர்ந்தது என்று நிலைநாட்டினர். எடை கட்டிய இரையைக் கொண்டு பிடிப்பவனை மீன்பிடிக் கலைஞனாகவே அவர்களிற் பலர் கருதவில்லை. செல்வர் சிலர் தம் பொழுதுபோக்கில் தாமே சாதிகள் வகுத்துக்கொண்ட கதை இது. மீன்கள் இதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அதே 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி முதல் இரயில் வண்டி ஓடியது. அந்த வண்டி இக்கதையில் பின்னர் வந்து சேரும்.

பெரிய மீன்கள் பூச்சியைத் தின்று வாழ்வன அல்ல. பூச்சியைத் தின்னும் சிறுமீன்களைத் தின்று வாழ்வன. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியிலிருந்த என்றி சல்லிவன் தாமசு, மாசீர் என்னும் பெருங்கெண்டையைப் பற்றி 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். மலேசியாவின் கெலா மீனுக்கு நெருங்கிய உறவினது அம்மாசீர். தாமசு மீன்பிடிப்பில் வேட்கை கொண்டவர் மட்டும் அல்லர். தென்கன்னட மாவட்டத்து ஆறுகளில் மீன்வளம் அழிவதைக் குறித்து 1870-இலேயே அறிக்கை எழுதியவர். ஆங்கில நாட்டுச் சிற்றோடைகளின் சிறுபூச்சி இரையோடு இத்தகைய நாட்டு ஆறுகளுக்கு வந்தவர்கள், பெருமீனுக்குச் சிறுமீனே இரை என்பதை விரைவில் உணர்ந்தனர். மேனாட்டிலும் இவ்வாறே பூச்சியின் இடத்தில் மெல்ல மெல்லப் பொய்ச்சிறுமீன் வந்தது. நீண்ட இறகுகள் நீரில் கொடிபோல் அலைவதால் அதற்கு ‘ஸ்ட்ரீமர்’ என்று பெயரிட்டனர்.

பூச்சி வடிவுக்குக் கண் தேவைப்படவில்லை. சிறுமீன் வடிவுக்குக் கண் இன்றியமையாததாயிற்று. சிறுமீனைத் துரத்தும் பெருமீன் பலவும் தலையைக் குறிவைத்தே பாய்கின்றன. தலையைக் காட்டிக்கொடுப்பது கண். அந்தக் கண்ணுக்கு ஏற்ற பொருள் தமிழகத்தில் இருந்தது.

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகிய மலைத்தொடர்களிலும் தென்னிந்தியாவின் பிற காடுகளிலும் வாழ்வது சாம்பல் நிறக் காட்டுக்கோழி. புதுச்சேரியில் தங்கியிருந்த சொன்னரா என்னும் பிரெஞ்சு நாட்டுப் பயணியின் பெயரை அறிவியலார் அதற்குச் சூட்டியுள்ளனர். அதன் சேவலுடைய கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு உறைந்து பளபளப்பது போன்ற ஒரு வெண்பொட்டு உண்டு. இறகிழைகளே ஒன்றாய் இணைந்து கொம்புத் தகடுபோல் ஆன இடம் அது. நனைந்தாலும் அதன் ஒளி மங்குவதில்லை. மலேசியக் காடுகளில் கூவும் செங்காட்டுக் கோழிக்கு இந்தப் பொட்டு இல்லை. இங்கிலாந்தின் இறகுக் கட்டுநர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இக்கழுத்துத் தோல்களை வாங்கிக் குவித்தனர். முருகனின் கொடியில் நின்ற பறவையின் காட்டு உறவினன், கப்பலேறிச் சென்று, குளிர்நாட்டு ஆறுகளில் பொய்ம்மீனுக்குக் கண்ணானான்.

அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்சு என்னும் பெண்மணி வாழ்ந்தார். தொப்பிகளுக்கு இறகும் நாடாவும் வைத்துத் தைப்பது அவருக்குப் பழகிய தொழில். கணவர் மீன்பிடிப்போர்க்கு வழிகாட்டியாக இருந்தவர். 1924-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், வீட்டு வேலையை இடையில் நிறுத்திவிட்டு, தாமே கட்டிய இறகு மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு அணைக்கட்டின் கீழ்நீருக்குச் சென்று வீசினார். ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள மீன் ஒன்று சிக்கியது. இதழ் ஒன்று நடத்திய போட்டியில் அம்மீன் பரிசு பெற, அவருடைய இறகு மீன்களைக் கேட்டு நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. பின்னாளில் அவர் கட்டிய ‘சாம்பல் ஆவி’ என்னும் பொருள்படும் பெயருடைய வகை, இன்றும் கற்போர்க்குப் பாடமாக உள்ளது. நீண்ட சாம்பல் நிற இறகுகள் உடலாக, தோளில் வெள்ளிப் பகட்டுக்கோழியின் இறகு, அதன்மேல் இருபுறமும் நம் காட்டுச்சேவலின் வெண்பொட்டு. முள்ளைப் பிடிகுறட்டில் இறுக்காமல், இடக்கை விரல்களுக்கிடையே பற்றிக்கொண்டே அவர் கட்டினார். ஆடவர் எழுதிய நூல்களைப் பாராது, தொப்பிக் கடையில் கற்ற விரல்நுட்பத்தைக் கொண்டு ஒரு பெண் தாமே கண்டறிந்த தொழில்முறை அது. 1953-இல் தம் தொழிலைப் பிறரிடம் விற்கும்வரை அவர் கட்டிக்கொண்டிருந்தார்.

இறகுக் கண்ணுக்குக் குறை ஒன்று இருந்தது. அது காண அழகியது, கனம் இல்லாதது. ஆழத்தில் கிடக்கும் பெருமீனிடம் இரையைக் கொண்டுசெல்ல, முள்ளின் தண்டில் காரீயக் கம்பியைச் சுற்றி அதன்மேல் இறகைக் கட்டினர். இரை ஆழத்திற்குச் சென்றது. ஆனால் முள்முனை கீழ்நோக்கி இருந்ததால் கல்லிலும் வேரிலும் மாட்டிக்கொண்டது. அதுவன்றி, காட்டுக்கோழியும் அரிதாயிற்று. இந்தியாவில் 1972-இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவைக்குக் காப்பாயிற்று. சட்டம் வரும்வரை எத்தனை கழுத்துகள் கப்பலேறின என்று எண்ணி வைத்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. வண்ணம் தீட்டியும், சங்கிலி மணிகளை வெட்டி இணைத்தும் கட்டுநர்கள் வேறு கண்களைச் செய்து பார்த்தனர்.

1980-களில் பென்சில்வேனியா மாநிலத்தவரான பாப் கிளவுசர் அக்குறையைத் தீர்த்தார். சசுகுவகன்னா ஆற்றில் மீன்பிடிப்போர்க்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். இறகுத்தொழிலுக்குப் பொருள் விற்கும் வணிகர் ஒருவர் காரீயத்தில் வார்த்த சிறு கண்களை அவருக்கு அனுப்பிவைத்தார். அவற்றின் வடிவைத் தமிழர்க்கு விளக்குதல் எளிது: பயற்றளவே உள்ள உடுக்கை. இருபுறமும் உருண்டை, நடுவில் ஒடுங்கிய இடை. அவ்விடையைத் தண்டின்மேல் குறுக்காக வைத்துக் கட்டினால், கண்ணே எடையாகவும் எடையே கண்ணாகவும் ஆகிவிடும். லெப்டி கிரே என்னும் புகழ்பெற்ற மீன்பிடி எழுத்தாளர் அதற்குக் கிளவுசரின் பெயரையே வைத்து எழுதிப் பரப்பினார். கடலிலும் ஆற்றிலும் இன்று உலகெங்கும் மிகுதியாகக் கட்டப்படும் பொய்ம்மீன்களுள் அது ஒன்று.

அதனைக் கட்டக் கற்பது, காண்பதற்கு எளிது, கைக்கு அரிது. முள்ளைப் பிடிகுறட்டில் இறுக்கி, தண்டின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றிப் படுகை அமைக்கவேண்டும். வழவழப்பான எஃகில் நேரே கட்டிய எதுவும் நில்லாது. தண்டின் முன்பகுதியில், கயிறு கோக்கும் துளையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, முள்முனைக்கு எதிர்ப்புறத்தில் ஈயக்கண்ணை வைத்து, நூலை மூலைக்கு மூலை குறுக்கே எட்டு என்னும் எண்வடிவில் பலமுறை சுற்ற வேண்டும். பின்னர்த் தண்டுக்கு மேலும் கண்ணின் இடைக்குக் கீழுமாக நூலைப் படுக்கைவாட்டில் சுற்றி இழுத்தால், முன்பு சுற்றிய நூலெல்லாம் ஒருங்கே இறுகும். புதிதாகக் கற்போர் பெரும்பாலும் இந்த இரண்டாம் சுற்றை மறந்துவிடுவர். கட்டும்போது கண் நேராகவே நிற்கும். ஆற்றில் பத்து முறை வீசியபின் அது தண்டைச் சுற்றிச் சாய்ந்து, பொய்ம்மீன் பக்கவாட்டில் நீந்தத் தொடங்கும்.

அதன்பின் மான்வால் மயிர். அமெரிக்க வெண்வால் மானின் வாலிலிருந்து எடுத்த வெண்மயிரைக் கண்ணுக்கு முன்னே கட்டி, இரு கண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியே பின்னுக்குக் கொண்டுசென்று, கண்ணுக்குப் பின்னும் ஒருமுறை கட்ட வேண்டும். இது மீனின் வயிறு. முள்ளைத் தலைகீழாகத் திருப்பி, மின்னும் இழைகள் சிலவற்றையும், அவற்றின்மேல் பச்சையோ கருமையோ தோய்த்த மயிரையும் கட்டினால் முதுகு. மயிரின் நீளம் தண்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். தலைமுடிச்சிட்டு மெருகெண்ணெய் பூசினால் வேலை முடிந்தது. கற்போர் செய்யும் பெரும்பிழை மயிரை அள்ளிக் கட்டுவது. கையில் அது கொழுத்த மீனாகத் தோன்றும், நீரில் துடைப்பமாகிவிடும். உண்மையான சிறுமீனின் உடல் ஒளி ஊடுருவக்கூடியது. ஆகவே மயிர் வழியே மறுபுறம் தெரியும் அளவுக்கே கட்டவேண்டும். பாதியைக் கழித்துவிட்டு, கழித்ததில் எஞ்சியதிலும் பாதியைக் கழிக்கத் துணிபவனே விரைவில் தேறுகிறான். நல்ல கட்டுநர் ஒருவர் முடித்த இரையை வாங்கி, நூலைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துப் பார்த்து, கட்டிய வரிசையைப் பின்னோக்கிக் கற்பதும் இத்தொழிலில் வழக்கம். செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் கோள்வது போன்றதே அம்முறை.

எடை தண்டின் மேற்புறத்தில் இருப்பதால் நீரில் விழுந்தவுடன் இரை புரண்டு, முள்முனை மேல்நோக்கிவிடும். மரம் விழுந்து கிடக்கும் மலேசிய ஆறுகளில் இதன் பயன் பெரிது. கயிற்றை இழுத்தால் மேலெழும். நிறுத்தினால் தலைகுப்புற அமிழும். காயம்பட்ட சிறுமீனின் நடை அது. செபாராவ் என்னும் மீன் இதற்கு ஏமாறும். அது கெண்டைக் குலத்தது. விலாவில் ஒற்றைக் கரும்பட்டையும் சிவந்த வாலும் உடையது. வளர்ந்தபின் சிறுமீன்களைத் துரத்தித் தின்று வாழ்வது. அதற்கு வேண்டியது ஓடும் நீர்; அல்லது கென்யீர், தெமெங்கோர் போன்ற ஏரிகளின் திறந்த நீர். எங்காயினும் இரை அதன் கண்ணிற் பட வேண்டும்.

இனிக் கண்ணின் உலோகத்தைப் பற்றியது. தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொது. கறுத்தது காரீயம், வெளுத்தது வெள்ளீயம். மலேசியத் தமிழர் ஈயச் சுரங்கம் என்றால் அது வெள்ளீயச் சுரங்கம். தூண்டில்காரன் ஈயக்குண்டு என்றால் அது காரீயக் குண்டு. காரீயம் நஞ்சு. இங்கிலாந்தின் ஆறுகளில் அன்னங்கள் இறந்து மிதந்தபோதுதான் தூண்டிலுலகம் அதனை உணர்ந்தது. தானியத்தை அரைப்பதற்காகப் பறவைகள் சிறு கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும். கரையில் சிந்திய ஈயக்குண்டுகளைக் கல்லென்று எண்ணி அன்னங்கள் விழுங்கின. அரைபட்ட காரீயம் குருதியில் கலந்தது, கழுத்துத் துவண்டது, உணவு இறங்கவில்லை. 1987-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து, 28 கிராமுக்கு உட்பட்ட பெரும்பாலான காரீயத் தூண்டில் எடைகளின் விற்பனையை அந்நாடு சட்டத்தால் நிறுத்தியது. இறகு மீனில் வைத்துக் கட்டிய ஈயத்தை அச்சட்டம் விட்டுவைத்தது. எனினும் கட்டுநர்கள் பித்தளைக்கும், டங்சுடனுக்கும், வெள்ளீயத்திற்கும் மாறத் தொடங்கினர்.

வெள்ளீயம் நஞ்சற்றது, 232 பாகை வெப்பத்திலேயே உருகுவதால் வார்க்க எளிது. அதன் குறை எடையே. ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம் இருக்க, வெள்ளீயம் 7.3 கிராம்தான் இருக்கும். டங்சுடன் 19.3 கிராம் இருப்பினும் விலை மிகுந்தது. ஆழம் குறைந்த நீருக்கு வெள்ளீயமே போதும். உலகுக்கு இவ்வுலோகத்தை நூறாண்டுக்குமேல் வாரி வழங்கிய நாடு மலாயா. கோலாலம்பூரின் தோற்றமே அதனால்தான். 1857-இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே அம்பாங்கிற்கு அனுப்பினார். குறுகிய காலத்திற்குள் 69 பேர் காட்டுக்காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோரும் பின்வந்தோரும் தோண்டிய ஈயத்தை ஏற்றிச்செல்லத்தான் 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை இடப்பட்டது. அப்பாதையோடு தமிழர் வாழ்வு பிணைந்தது. தென்னிந்தியத் தொழிலாளர் தண்டவாளத்தில் உழைத்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் அமர்ந்தனர். 1881-இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின் செங்கல் சூளைகள் எழுந்த பிரிக்பீல்ட்சு, இரயில்வே குடியிருப்புகளால் தமிழரின் ஊராயிற்று. அங்கிருந்தோரின் கண்முன்னே ஈயம் கிள்ளானுக்குச் சென்றது. சென்ற ஈயத்தின் ஒரு பகுதி, இரும்புத் தகட்டின் பூச்சாகி, மத்திமீன் அடைத்த டப்பாவாகத் தோட்டத்துக் கடைக்கே திரும்பிவந்தது. ‘டின்’ என்று தமிழர் இன்று வழங்கும் சொல் அவ்வுலோகத்தின் ஆங்கிலப் பெயரே.

சென்றது ஈயம், நின்றது சேறு. குன்றின் முகத்தில் நீரை விசையோடு பாய்ச்சி மண்ணைக் கரைத்து, ஈயமணலை வடித்துக்கொண்டு, எஞ்சிய சேற்றை ஆற்றில் விடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்தது, வெள்ளம் பெருகியது. சிலாங்கூரின் வடபகுதியிலுள்ள கோலகுபு என்னும் ஊர் வண்டலிலும் வெள்ளத்திலும் மூழ்கிப்போக, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊரையே வேறிடத்தில் புதிதாகக் கட்டவேண்டியதாயிற்று. கிள்ளான் ஆறு 120 கிலோமீட்டர் நீளமே உடையது. அதில் நகரும் சுரங்கமும் தொழிற்சாலையும் சேர்ந்து விட்ட கழிவைத் தாங்க அதனால் இயலவில்லை. தோட்டத் தமிழர் ஓய்வுநாளில் மூங்கிற்கழியும் மண்புழுவும் கொண்டு கலங்கல் நீரில் கெளுத்தியும் விராலும் பிடித்தனர் என்றால், அதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. கலங்கிய நீரில் கெளுத்தி மீசையால் தடவி இரை தேடும். புழுவின் மணம் அதற்குப் போதும். கண்ணால் வேட்டையாடும் செபாராவுக்கு அந்நீரில் இடமில்லை. எவ்வளவு அழகிய கண் வைத்துக் கட்டினும் கலங்கல் நீரில் பொய்ம்மீன் குருடே.

இந்த வேறுபாட்டை ஒரே ஆற்றில் காணலாம். கோம்பாக் ஆறு நகரின் நடுவே, ஜாமெக் பள்ளிவாசலின் அருகில், கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. அதன் தலைப்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழகம் 1965-இல் கள ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவியது. பிசப் என்னும் ஆய்வாளர் அவ்வாற்றைத் தலையிலிருந்து ஆராய்ந்து 1973-இல் நூலாக வெளியிட்டார். வெப்பநாட்டுச் சிற்றாறு ஒன்றைப் பற்றிய விரிந்த ஆய்வாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. காட்டின் நிழலில் கற்களின்மேல் ஓடும் மேலாற்றில் அடியிலுள்ள கூழாங்கல் தெரியும். நகருக்குள் இறங்கியபின் உள்ளங்கையளவு ஆழமும் தெரியாது. இரண்டிற்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். 2010-களில் அரசு இவ்விரு ஆறுகளின் நகர்ப்பகுதியைத் தூய்மைப்படுத்தும் பெருந்திட்டத்தை மேற்கொண்டது. கரைகள் அழகுபெற்றன என்பதை மறுக்க இயலாது. ஆற்றுக்கு அழகு கரையில் இல்லை என்பதையும் மறுக்க இயலாது.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, விலை வீழ்ந்து, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஓராண்டும் சில திங்களும் கழிந்து இங்கிலாந்தின் காரீயத் தடை வந்தது. காரீயத்திற்கு மாற்றாக உலகம் வெள்ளீயத்தைத் தேடத் தொடங்கியபோது, வெள்ளீய நாட்டில் நீர்த்தாரைகள் நின்றுபோயிருந்தன. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்தது. சேறு அடியில் படிந்து, மேல்நீர் ஆண்டுகள் செல்லச் செல்லத் தெளிந்தது. தித்திவங்சா ஏரியும் சுங்கை பெசியின் பெருஞ்சுரங்க ஏரியும் அவ்வாறு பிறந்தவை. பல குட்டைகள் தூர்க்கப்பட்டு வீடுகளாகிவிட்டன. எஞ்சியவற்றுள் சிலவற்றில் தோமான் வாழ்கிறது. விரால் குலத்தின் பெருமீன்களுள் ஒன்று அது. ஒரு மீட்டருக்குமேலும் வளரக்கூடியது.

கோலாலம்பூர் வட்டாரத்தில் இறகு மீன் கட்டக் கற்போர்க்குத் தோமான் பெரும் ஈர்ப்பு. முட்டை பொரிந்தபின் தோமானின் குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீரின் மேற்பரப்பில் குமிழியிட்டுத் திரியும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். திரளின் நடுவே ஈயக்கண் வைத்த பொய்ம்மீன் ஒன்று விழுந்து அமிழுமாயின், குஞ்சைத் தின்ன வந்த பகை என்று எண்ணிப் பெற்ற மீன் பாய்ந்து கவ்வும். பசியால் அன்று. அவ்வாறு பிடிபட்ட மீனைக் கரையில் வைத்துக்கொண்டால், காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்கள் சிறிது நேரத்தில் தின்று தீர்த்துவிடும். ஆகவே குஞ்சுத் திரளைக் குறிவைத்து வீசலாகாது என்போரும், வீசலாம், ஆனால் முள்ளின் எதிர்ச்செதிளை நசுக்கி வைத்து, பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிடவேண்டும் என்போரும் தூண்டில்காரர்களுக்குள்ளேயே உள்ளனர். கண்ணைக் கட்டும் முறையை வரிவரியாக எழுதி வைத்த நூல்கள் இதற்கு விடை தரவில்லை. குஞ்சுகள் பிரிந்து தனித்து வாழும் காலம் வரும்வரை அக்குட்டையின் வேறு கரைக்குச் சென்று வீசுவோர் சிலர் இருக்கின்றனர்.